உழுநிலத்தின் அடியில் ரோமானிய வில்லாவைக் கண்டறியும் முறை

இங்கிலாந்தின் தென்பகுதியில், உழுத வயல் ஒன்றில் ரோமானியர் காலத்துப் பானையோடு கிடைப்பது வியப்புக்குரிய செய்தியன்று. கி.பி. 43 முதல் ஏறத்தாழ கி.பி. 410 வரை நீடித்த ரோமானிய ஆட்சியில் நாட்டுப்புறமெங்கும் மக்கள் உழுது பயிரிட்டு வாழ்ந்தார்கள். அவர்கள் உடைத்து எறிந்த மட்கலங்களின் சில்லுகள் இன்றும் வயல்தோறும் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் மரத்தாலும் மண்ணாலும் ஆன வீடுகளில்தான் குடியிருந்தனர். கல் அடித்தளமும், ஓடு வேய்ந்த கூரையும், வண்ணம் தீட்டிய சுவர்களும், தரைக்கடியில் வெப்பக்காற்று செல்லும் அறைகளும் கொண்ட வில்லா, வசதி படைத்த சிலரின் பண்ணை மாளிகையாகவே இருந்தது. ஆகவே ‘இந்த வயலில் ரோமானியர் காலப் பொருள் உண்டா?’ என்பது தேடுபவரின் கேள்வியாக இருக்க முடியாது. வெவ்வேறு வழிகளில் கிடைத்த சான்றுகள், ஒன்றையொன்று சாராமலே, ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி.

தற்செயலாக வெளிப்பட்ட வில்லாக்கள் பல உண்டு. சசெக்ஸில் உள்ள பிக்னோர் 1811இல் உழவின்போது வெளிப்பட்டது. பிஷ்போர்ன் அரண்மனை 1960இல் குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியபோது தெரியவந்தது. 2020இல் ரட்லாந்து கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு), குடும்பத்துடன் வயலில் நடந்து சென்ற ஒருவர் வழக்கத்துக்கு மாறான பானையோடுகளைக் கவனித்தார். பின்னர் செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் பயிர்த்தடம், அதாவது புதைந்த கட்டடத்தால் பயிரில் தோன்றும் கோடுகள், தெளிவாகத் தெரிந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் அங்கே ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட, ட்ரோஜன் போரில் அக்கிலீசும் ஹெக்டரும் பொருதும் கதையைக் காட்டும் மொசைக் தரை, அதாவது சிறு வண்ணக் கற்களைப் பதித்த தரை, கிடைத்தது. தற்செயல் என்று சொல்லப்பட்டாலும், தரையில் கிடந்த ஓடும் வானிலிருந்து எடுத்த படமும் அங்கே ஒத்துப்போயின என்பதைக் கவனிக்க வேண்டும். முறையான தேடலும் இதே ஒப்பீட்டைத்தான் திட்டமிட்டுச் செய்கிறது. கீழே சொல்லப்படும் பணிகளில், இறுதியில் தேவைப்படக்கூடிய சோதனைக் குழியைத் தவிர, எவற்றுக்கும் மண்வெட்டி தேவையில்லை.

வரைபடத்திலிருந்து தொடங்குதல்

முதல் வேலை, அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டைப் பார்ப்பது. முன்பே நடந்த அகழாய்வுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரியார்களும் நிலக்கிழார்களும் எழுதிவைத்த குறிப்புகள், அருகில் கிடைத்த காசுகள் ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். பல பதிவேடுகளை ஹெரிடேஜ் கேட்வே என்னும் இணையவாயில் வழியாக வீட்டிலிருந்தபடியே தேடலாம். பொதுமக்கள் கண்டெடுக்கும் பொருள்களை 1997 முதல் பதிவு செய்துவரும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் தரவுத்தளத்தையும் உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். நான்காம் நூற்றாண்டு வெண்கலக் காசுகள் ஒரே ஊரின் எல்லைக்குள் திரளாகப் பதிவாகியிருந்தால் அந்த ஊர் கவனத்துக்கு உரியது. பிரிட்டனின் வில்லாக்கள் பெரிதும் செழித்திருந்தது அந்த நூற்றாண்டில்தான்.

அடுத்து நில அமைப்பு. வில்லா கட்டியவர்கள் இடத்தை எண்ணிப் பார்த்தே தேர்ந்தார்கள். தெற்கையோ தென்கிழக்கையோ நோக்கிய சரிவின் நடுப்பகுதி, வற்றாத ஊற்று அல்லது சிற்றாறு, மேட்டு மேய்ச்சலும் தாழ்நில உழவும் சந்திக்கும் மண்ணெல்லை, நகரச் சந்தைக்கு வண்டி போய்த் திரும்பக்கூடிய தொலைவில் ஒரு ரோமானியச் சாலை ஆகியவை சேர்ந்து அமையும் இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். செட்வொர்த் வில்லா ஓர் ஊற்றை ஒட்டி, பாஸ் வே என்னும் ரோமானியச் சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாமல், சைரன்செஸ்டர் நகருக்கு வடக்கே அமைந்திருக்கிறது. கென்ட் கவுண்டியின் லலிங்ஸ்டோன், டாரன்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. இவை விதிகள் அல்ல. தேட வேண்டிய பரப்பைக் குறைத்துக்கொள்ள உதவும் சாயல்கள் மட்டுமே. வடக்கு நோக்கிய சரிவில் வில்லாவே இருக்காது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

பழைய நிலவரைபடங்களில் வயல்களின் பெயர்களைப் படிப்பது அலுப்பூட்டும் வேலையானாலும் பலன் தரக்கூடியது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் வழக்கத்தைப் பற்றிய 1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தையொட்டித் தயாரிக்கப்பட்ட வரைபடங்களில் ஒவ்வொரு வயலின் பெயரும் பயன்பாடும் பட்டியலிடப்பட்டுள்ளன. கற்குவியலைக் குறிக்கும் செசல்ஸ், கரிய மண்ணைக் குறிக்கும் பிளாக்லாண்ட்ஸ் போன்ற பெயர்கள், கட்டடம் இடிந்து கிடந்த நினைவைச் சில இடங்களில் தாங்கி நிற்கின்றன. எனினும் பெயரை மட்டும் நம்பி ஒரு வயலைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. கரிய மண்ணுக்கு வேறு காரணங்களும் இருக்கும்.

வானிலிருந்து பார்த்தல்

புதைந்த சுவரின் மேல் மண் ஆழம் குறைவு, ஈரமும் குறைவு. அதன்மேல் முளைத்த பயிர் வறட்சியில் முன்னதாகவே குன்றி மஞ்சளாகிவிடும். தூர்ந்துபோன அகழியின் மேல் மண் ஆழமானது. அங்கே பயிர் உயரமாகவும் நெடுநாள் பசுமையாகவும் நிற்கும். இவ்விரு வேறுபாடுகளும் மேலிருந்து பார்க்கும்போது கோடுகளாகத் தெரிவதையே பயிர்த்தடம் என்கிறோம். பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் 1920களில் விமானப் படங்களைக் கொண்டு இந்த முறையை நிலைநாட்டினார். பிரான்சின் வட பகுதியில் ரோஜே அகாஷ் 1960களிலிருந்து சொம் ஆற்றுச் சமவெளிமேல் பறந்து நூற்றுக்கணக்கான வில்லாக்களைக் கண்டறிந்தார். அவருடைய படங்களில் பல, கோடைப் பயிரில் எடுத்தவை அல்ல. குளிர்காலத்தில் ஈரமான உழவு மண்ணின்மேல் சுண்ணப்பாறை அடித்தளங்கள் வெண்கோடுகளாகத் தெரிந்தபோது எடுத்தவை. எனவே ஒரே வயலை வெவ்வேறு பருவங்களில் பார்ப்பது அவசியமாகிறது.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. வறண்ட கோடை ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் வறட்சியில் பிரிட்டனெங்கும் புதிய தடங்கள் ஏராளமாக வெளிப்பட்டன, 1976இலும் அப்படியே. பார்லியும் கோதுமையும் இதற்குச் சிறந்த பயிர்கள். புல்வெளியில் தடம் தோன்றுவதற்குக் கடும் வறட்சி வேண்டும். சரளை, சுண்ணக்கல், சுண்ணப்பாறை ஆகியவற்றின் மேலமைந்த மெல்லிய மண் நன்றாகக் காட்டும். கனத்த களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும். களிமண் வயலில் தடம் தெரியவில்லை என்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிடக் கூடாது.

எதைத் தேடுவது? நீண்ட செவ்வகம் ஒன்று, அதற்குள் ஒரே வரிசையில் அறைகள், முன்புறம் ஒடுங்கிய நடை, அதன் இரு முனைகளிலும் முன்னோக்கி நீட்டிய அறைகள் என்னும் அமைப்பு, பிரிட்டனின் வில்லாக்களில் மிகப் பரவலானது. பெரிய மாளிகைகளில் மூன்று அல்லது நான்கு பக்கங்களிலும் கட்டடங்கள் சூழ்ந்த முற்றம் இருக்கும். இவற்றைச் சுற்றிலும் நேர்கோட்டு அகழிகளால் வகுக்கப்பட்ட தொழுவங்களும் சிறு வயல்களும் காணப்படும். அவற்றின் அடியில் அதற்கு முந்தைய இரும்புக் காலத்து வட்ட வீடுகளின் தடம் தெரிந்தாலும் குழம்ப வேண்டியதில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் அருகிலுள்ள கோராம்பரியைப் போலப் பல வில்லாக்கள் பழைய பண்ணைகளின் மீதே எழுந்தவை.

ஏமாற்றும் தடங்களும் உண்டு. மீன்முள் வடிவில் கிளைத்த கோடுகள் பெரும்பாலும் வடிகால் குழாய்களாக இருக்கும். அகன்ற இணைகோடுகளாகச் செல்பவை இடைக்கால உழவு வரப்புகள். பலகோண வலைபோல் தெரிபவை பனியுகத்தில் நிலம் வெடித்த பிளவுகள். டிராக்டர் சக்கரத் தடங்கள் எல்லாப் படங்களிலும் இருக்கும். ஒரு செவ்வகம் கண்ணில் பட்டவுடன் பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை எடுத்து, அங்கே விக்டோரியா காலத்துக் களஞ்சியமோ மாட்டுக் கொட்டகையோ நின்றதா என்று சரிபார்த்துவிட வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அந்த வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வில்லா என்று மகிழ்ந்து எழுதப்பட்டவை பல இந்தச் சோதனையில்தான் கழிந்துபோகின்றன.

சுற்றுச்சூழல் முகமை இலவசமாக வெளியிட்டுள்ள 1 மீட்டர் நுண்மையுள்ள லைடார் தரவையும், அதாவது விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த தரவையும், பார்க்கலாம். ஆனால் பல நூற்றாண்டுகளாக உழுத நிலத்தில் மேடுபள்ளங்கள் தேய்ந்திருக்கும். சரிவை வெட்டிச் சமன்செய்த மேடையோ, சாலையின் மங்கலான முதுகோ தெரிந்தாலே அது நல்ல பலன்தான்.

வயலில் நடத்தல்

காகித வேலை முடிந்தபின் நில உரிமையாளரிடமும், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் வேறொருவராயின் அவரிடமும், எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கண்டெடுக்கும் பொருள்கள் யாருக்கு உரியவை, எங்கே சேர்க்கப்படும் என்பதையும் அப்போதே எழுதிவிடுவது நல்லது. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்பதை வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் பார்க்க வேண்டும். அத்தகைய இடத்தில் உலோகங்காணி மட்டுமன்றிப் புவி இயற்பியல் கருவிகளைப் பயன்படுத்தவும் 1979ஆம் ஆண்டின் தொல்நினைவுச்சின்னச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி உரிமம் தேவை. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் இரண்டோ, மதிப்புக் குறைந்த உலோகக் காசுகள் பத்தோ ஒரே தொகுதியில் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

நடப்பதற்கு உகந்த காலம் இலையுதிர் காலம் முதல் விதை முளைத்துப் பரவும் வரை. உழுத அன்றே போவதில் பயனில்லை. சில வாரங்கள் மழை பெய்து மண்கட்டிகள் கரைந்து, ஓடுகள் கழுவப்பட்டு மேலே நிற்கும்போது போக வேண்டும். பளீரென்ற வெயிலைவிட மேகம் மூடிய நாளின் சீரான ஒளியில் சிவப்பு ஓட்டை எளிதில் இனங்காணலாம். வயலின் குறுக்கே 10 அல்லது 20 மீட்டர் இடைவெளியில் நேர்கோடுகளை அமைத்து, ஒவ்வொரு கோட்டையும் 20 மீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டில் கிடைப்பதையும் தனிப் பையில் இட்டு எண் எழுத வேண்டும். அழகான பொருளை மட்டும் பொறுக்கினால் வரைபடம் உருவாகாது. ஒன்றும் கிடைக்காத துண்டுகளும் தரவுதான். கூட வருபவர்களுள் ஒருவர் கூர்மையாகவும் இன்னொருவர் அசட்டையாகவும் பார்ப்பது இயல்பு என்பதால், யார் எந்தக் கோட்டில் நடந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பானையோட்டைவிடக் கட்டடப் பொருளே முதன்மையான சான்று. டெகுலா என்னும் தட்டையான கூரை ஓட்டின் இரு நீண்ட ஓரங்களிலும் உயர்ந்த விளிம்பு உண்டு. சிறு துண்டு கிடைத்தாலும் அந்த விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். இரு டெகுலாக்களின் இணைப்பை மூடும் அரைவட்ட ஓடு இம்பிரெக்ஸ். இவை களஞ்சியத்தின் மேலும் இருந்திருக்கலாம் என்பதால் இவற்றை மட்டும் கொண்டு மாளிகை என்று சொல்லிவிட முடியாது. மாளிகையைச் சுட்டுபவை வேறு. சுவருக்குள் வெப்பக்காற்றை ஏற்றிய பெட்டிவடிவக் குழாய் ஓடுகளின் மேல், சுண்ணச்சாந்து பற்றிக்கொள்வதற்காகச் சீப்பால் கீறிய வரிகள் இருக்கும். தரையடி வெப்ப அறையின் குறுந்தூண்களுக்கு அடுக்கிய சதுரச் செங்கற்கள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமுள்ளவை. மொசைக் கற்கள் சிறு கனசதுரங்கள்: நுண்ணிய வேலைப்பாட்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவிலும், நடைபாதையின் சாதாரணத் தரைக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் அளவில் செவ்வோட்டிலிருந்து வெட்டப்பட்டும் இருக்கும். ஓட்டுப்பொடி கலந்த இளஞ்சிவப்புச் சாந்து, வண்ணம் பூசிய சுவர்ப்பூச்சுத் துண்டு, கடலிலிருந்து தொலைவான ஊரில் சிப்பி ஓடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டிக் குழாய் ஓடும் மொசைக் கல்லும் வண்ணப் பூச்சும் ஒரே 20 மீட்டர் சதுரத்தில் சேர்ந்து கிடந்தால், அங்கே குளியலறையோ வெப்பமூட்டிய அறையோ இருந்தது என்று ஏறத்தாழத் துணிந்து சொல்லலாம்.

பானையோடுகள் காலத்தைச் சொல்லும். காலிய நாட்டிலிருந்து (இன்றைய பிரான்ஸ் பகுதி) வந்த பளபளக்கும் செந்நிறச் சேமியன் கலங்கள் பெரும்பாலும் முதல் இரு நூற்றாண்டுகளுக்கு உரியவை. நெனே பள்ளத்தாக்கின் வண்ணப்பூச்சுக் கலங்கள் பின்னர் பரவி நான்காம் நூற்றாண்டு வரை தொடர்ந்தன. ஆனால் வயலெங்கும் பரவலாக, விளிம்புகள் தேய்ந்து, மிக அடர்த்தியின்றிக் கிடக்கும் சில்லுகளைக் கண்டு மயங்கக் கூடாது. அவை பெரும்பாலும் பண்ணைக் குப்பையோடு எருவாக வண்டியில் வந்து கொட்டப்பட்டவை. உடைந்த விளிம்பு கூர்மையாகவும், துண்டுகள் பெரியவையாகவும், அடர்த்தி ஓரிடத்தில் திடீரென உயர்வதாகவும் இருந்தால்தான் அது கட்டடம் நின்ற இடம். சரிவான வயலில் அந்த உச்சம் உண்மையான இடத்திலிருந்து உழவினாலும் மழையினாலும் கீழ்நோக்கி நகர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு முதல் பயன்பட்ட வளைவான கூரை ஓடுகளும், வடிகாலுக்குப் புதைத்த செம்மண் குழாய்களும் புதியவர்களின் பையில் தவறாமல் சேர்ந்துவிடும். கழுவி உலர்த்தியபின் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிப் பிரித்துக்கொள்வதே வழி.

கருவிகளைக் கொண்டு அளத்தல்

இப்போது ஓர் ஏக்கரோ இரண்டோ கொண்ட சிறு பரப்பு எஞ்சியிருக்கும். அதற்குள் சுவர்களின் அமைப்பைக் கண்டறிவதே அடுத்த பணி.

காந்தப்புலத்தின் சிறு வேறுபாடுகளை அளக்கும் காந்தமானி விரைவானது. புவியின் காந்தப்புலம் இங்கிலாந்தில் ஏறத்தாழ 50,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). தூர்ந்த அகழி அதில் சில நானோடெஸ்லா வேறுபாட்டை மட்டுமே உண்டாக்கும். 600, 700 பாகை செல்சியஸ் வரை சூடேறிக் குளிர்ந்த களிமண் நிலையான காந்தத்தைப் பெற்றுவிடுவதால், குளியலறை அடுப்பும் ஓட்டுக் குவியலும் வலுவாகத் தெரியும். மார்ட்டின் எய்ட்கென் 1958இல் வாட்டர் நியூட்டன் அருகே காந்தமானி கொண்டு ரோமானியப் பானைச் சூளையைக் கண்டறிந்ததற்கும் இந்தப் பண்பே காரணம். சுண்ணக்கல் சுவர் மாறாக, சுற்றியுள்ள மேல்மண்ணைவிடக் காந்தத்தன்மை குறைந்திருப்பதால் மெல்லிய வெண்கோடாகவோ, சில வயல்களில் தெரியாமலோ போகும். வழக்கமான அளவீடு, 1 மீட்டர் இடைவெளியுள்ள கோடுகளில் 0.25 மீட்டருக்கு ஒரு பதிவு. நடப்பவரின் உடலில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. காலணியின் கண்ணிவளையமும் இடைவாரின் கொக்கியும் போதும், படத்தைக் கெடுத்துவிட. கம்பி வேலி, மின்கோபுரம் ஆகியவற்றின் அருகில் பயனில்லை. நகராட்சிக் குப்பையிலிருந்து தயாரித்த உரம் அண்மையில் வயலில் பரப்பப்பட்டதா என்று உழவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதிலுள்ள உலோகத் துணுக்குகள் வயல் முழுவதையும் புள்ளிகளால் நிரப்பிவிடும்.

சுவரைக் காண்பதற்கு மின்தடை அளவீடே பொருத்தமானது. மண்ணின் ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், கல் தடுக்கும் என்னும் எளிய அடிப்படையை ரிச்சர்ட் அட்கின்சன் 1946இல் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் தொல்லியலுக்குப் பயன்படுத்தினார். 0.5 மீட்டர் இடைவெளியில் அமைந்த இரு முனைகளை மண்ணில் குத்தி, 1 மீட்டருக்கு ஒரு முறை பதிவு செய்தால், ஏறத்தாழ அரை மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம் வரை தெரியும். உழவு அடுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை என்பதால் அதனடியில் எஞ்சிய அடித்தளத்துக்கு இது போதும். ஆனால் அறைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களைக் காண வேண்டுமானால் பதிவுகளின் இடைவெளியை 0.5 மீட்டராகக் குறைக்க வேண்டும், நேரம் பன்மடங்காகும். மண் முற்றிலும் காய்ந்திருந்தாலும், நீர் தேங்கியிருந்தாலும் வேறுபாடு மங்கிவிடும்.

தரை ஊடுருவும் ரேடார் ஆழம்வாரியாகப் படம் தரும் என்பதால், பிற்காலச் சுவரும் முற்காலச் சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் விலைமதிப்பற்றது. களிமண்ணில் அலை விரைவில் வலுவிழந்துவிடும். கட்டணம் அதிகம் என்பதால் மற்ற இரண்டும் காட்டிய கட்டடத்தின்மேல் மட்டும் இதைப் பயன்படுத்துவது அறிவுடைமை.

படங்களைப் படிக்கும்போது கணினியின் வண்ண அளவீட்டை நம் விருப்பத்துக்கேற்ப இழுத்து, இல்லாத அறையை உண்டாக்கிவிடும் ஆபத்து உண்டு. மூலத் தரவை முதலில் மாற்றமின்றிச் சேமித்துவைத்து, நடந்து பெற்ற ஓட்டு அடர்த்தி வரைபடத்தையும் பயிர்த்தடப் படத்தையும் ஒரே அளவில் அதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். பெட்டிக் குழாய் ஓடுகள் குவிந்த இடத்தில் காந்தமானி வெப்பத்தின் தடத்தையும், மின்தடை சிறு அறைகளையும் காட்டினால் வாதத்துக்கு இடமில்லை. கருவிகள் சுவரைக் காட்டி, மேலே ஒரு ஓடும் கிடைக்கவில்லையென்றால் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, அடித்தளம் இன்னும் உழவின் கொழுவுக்கு எட்டாத ஆழத்தில் நலமாக இருக்கிறது. மற்றொன்று, அந்தக் கட்டடம் ரோமானியர் காலத்ததே அன்று. அந்த ஐயத்தைத் தீர்க்கச் சோதனைக் குழி வேண்டும். அந்தக் குழியைத் தகுதியுள்ள தொல்லியலாளர், பாதுகாப்புக்கும் பதிவுக்கும் அறிக்கைக்கும் பணம் ஒதுக்கிய பிறகே தோண்ட வேண்டும். மொசைக் தரை காற்றும் உறைபனியும் பட்டால் சிதையத் தொடங்கும். மூடிவைக்கும் ஏற்பாடில்லாமல் திறப்பது அழிப்பதாகும்.

பதிவு செய்தல்

வரைபடங்கள், மூலத் தரவு, பைகளின் பட்டியல், ஒன்றும் கிடைக்காத வயல்களின் விவரம் ஆகியவற்றை ஓர் அறிக்கையாக்கிக் கவுண்டியின் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். பொருள்களை எந்த அருங்காட்சியகம் ஏற்கும் என்பதை நடக்கத் தொடங்குமுன்பே கேட்டுவைப்பது நல்லது. பல அருங்காட்சியகங்களில் இடமில்லை. உழவரிடம் முடிவைத் தெளிவாக விளக்கி, அந்தப் பகுதியில் ஆழ உழவையும் கிழங்குப் பயிர்களையும் தவிர்க்கவோ, புல்வெளியாக மாற்றவோ இயலுமா என்று பேசலாம். அரசின் வேளாண் சுற்றுச்சூழல் உதவித்திட்டங்களில் இதற்குப் பணம் வழங்கும் பிரிவுகள் இருந்து வந்திருப்பதால், கவுண்டித் தொல்லியலாளர் மூலம் விசாரிப்பது பயன்தரும்.

இடத்தின் துல்லியமான குறியீட்டைப் பொதுவெளியில் வெளியிடக் கூடாது. இரவில் உலோகங்காணியோடு வரும் திருடர்கள் இத்தகைய செய்திக்காகவே காத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துச்செல்லும் காசைவிட, தோண்டிச் சிதைத்துவிட்டுப் போகும் மண்ணடுக்குகளின் இழப்பே பெரிது. பொதுக் கட்டுரையில் எழுதுவதானால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நான்கு இலக்கக் கட்டக் குறியீடு போதும். அது 1 கிலோமீட்டர் சதுரத்தை மட்டுமே சுட்டும். முழுக் குறியீடு பதிவேட்டு அலுவலரிடமும் நில உரிமையாளரிடமும் மட்டும் இருக்கட்டும்.